முடிவு தெரிந்த பிறகும் ஏன் பக்கம் புரட்டுகிறோம்?

நாவல் படிப்பவர் என்று பெயர் வாங்கிவிட்டால், "நல்லதாக ஒன்று சொல்லுங்களேன்" என்ற கேள்வி அடிக்கடி வரும். கேட்ட மாத்திரத்தில், நாம் கடைசியாகப் படித்து ரசித்த புத்தகத்தின் பெயர் வாயில் வந்துவிடுகிறது. நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். கிறிஸ்டின் ஹானாவின் 'த நைட்டிங்கேல்' நாவலை இரண்டே இரவுகளில் முடித்துவிட்டுக் கண்கள் சிவக்க வந்த தோழி, இன்னொரு சரித்திர நாவல் வேண்டும் என்றாள். ஹிலரி மாண்டெலின் 'வுல்ஃப் ஹால்' என் மேசையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, நாற்பதாம் பக்கத்தில் செருகிய காகிதத் துண்டோடு அது திரும்பி வந்தது. அவளுக்கு என்மேல் வருத்தம் எதுவும் இல்லை. தனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையோ என்று நினைத்திருந்தாள். அதுதான் என்னை உறுத்தியது.

இரண்டும் சரித்திர நாவல்கள். இரண்டுக்கும் ஏராளமான வாசகர்கள் உண்டு. 'வுல்ஃப் ஹால்' 2009இல் புக்கர் பரிசும் பெற்றது. ஒன்றை விழுங்கியவளுக்கு மற்றது ஏன் இறங்கவில்லை? நெடுநாள் யோசித்த பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: நாவல் நமக்கு எதை முன்கூட்டியே சொல்கிறது, எதை ஒளித்து வைக்கிறது என்ற கணக்கில்தான் அதன் பிடி இருக்கிறது. அட்டையைப் பார்த்துச் சரித்திரம், மர்மம், காதல் என்று நாம் பிரித்து வைக்கும் மூன்றும் இந்தக் கணக்கை வெவ்வேறு விதமாகப் போடுகின்றன. ஒரே வகைக்குள்ளேயே இரண்டு நாவல்கள் அதை நேரெதிராகப் போடுவதும் உண்டு. தோழி விஷயத்தில் நான் தவறியது அங்கேதான்.

சரித்திர நாவலில் வாசகர் பாத்திரங்களைவிட அதிகம் அறிந்தவர். இரண்டாம் உலகப் போர் எப்படி முடிந்தது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 1940இல் பிரான்சின் ஒரு கிராமத்துச் சமையலறையில் நிற்கும் பெண்ணுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் நம் பதைப்பு பிறக்கிறது. "போய்விடாதே" என்று அவளிடம் சொல்லத் துடிக்கிறோம், சொல்ல முடியவில்லை.

போரின் முடிவு தெரிந்தாலும் அந்தப் பெண்ணின் முடிவு நமக்குத் தெரியாது என்பதை இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். வால்டர் ஸ்காட் 1814இல் 'வேவர்லி' எழுதியபோதே இந்த வழியைத் திறந்துவிட்டார். அதில் 1745ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துக் கிளர்ச்சி உண்மை, நாயகன் கற்பனை. இரு தரப்புக்கும் நடுவே அலைக்கழியும் சாதாரண இளைஞன் அவன். இப்படிப்பட்ட நடுத்தர நாயகனே சரித்திர நாவலின் அச்சு என்று ஹங்கேரிய அறிஞர் ஜியார்ஜ் லூகாச் 1930களில் விரிவாக எழுதினார். சமூகத்தின் எதிரெதிர் சக்திகள் இரண்டையும் அவன் வழியாகத் தொட்டுப் பார்க்க முடிகிறது என்பது அவருடைய வாதம். வாசகர் பக்கத்திலிருந்து நான் இன்னொன்றையும் சொல்வேன்: அவன் பெயர் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இல்லாததால், அவன் பிழைப்பானா என்பது கடைசிப் பக்கம்வரை திறந்தே கிடக்கிறது.

'த நைட்டிங்கேல்' (2015) முழுவதும் இந்த வழியில் நடக்கிறது. ஜெர்மானியர் பிடித்து வைத்திருக்கும் பிரான்சில் இரண்டு சகோதரிகள். ஒருத்தி, வீட்டுக்குள்ளேயே எதிரி அதிகாரிக்கு இடம் கொடுத்துக் குழந்தையைக் காப்பாற்ற வேண்டியவள். மற்றவள், சுட்டு வீழ்த்தப்பட்ட நேச நாட்டு விமானிகளைப் பிரனீஸ் மலை தாண்டி அழைத்துச் செல்பவள். அப்படி ஒரு தப்பிக்கும் பாதையை நிஜமாகவே அமைத்த பெல்ஜியப் பெண் ஆந்த்ரே த ஜோங்கின் வாழ்க்கைதான் நாவலுக்குத் தூண்டுதல். ஆனால் ஹானா சகோதரிகளைக் கற்பனையாகவே வைத்துக்கொண்டார். அதோடு ஒரு நுட்பமான வேலையும் செய்தார். கதை 1995இல், அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் வாழும் வயதான பெண்ணிடம் தொடங்குகிறது. இருவரில் ஒருத்தி பிழைத்தாள் என்று தெரிகிறது. எவள் என்று தெரியவில்லை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியத்தில்தான் என் தோழி இரண்டு இரவு தூங்கவில்லை.

'வுல்ஃப் ஹால்' இதற்கு நேர் எதிர். அதன் மையம் தாமஸ் கிராம்வெல். கொல்லன் மகனாகப் பிறந்து இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றியின் வலக்கையாக உயர்ந்தவர். 1540இல் அதே மன்னனின் ஆணையால் தலை வெட்டப்பட்டவர். முடிவு வரலாற்றில் பதிந்து கிடக்கிறது. மாண்டெல் அதை மறைக்க முயலவே இல்லை. நிகழ்காலத்தில் கதை சொல்கிறார். பெயர் சொல்லாமல் 'அவர்' என்று எழுதினால் அது பெரும்பாலும் கிராம்வெல்தான். முதலில் தடுமாற வைக்கும் இந்த உத்தி, பழகிய பிறகு நம்மை அவர் மண்டைக்குள்ளேயே உட்கார்த்தி வைத்துவிடுகிறது. என்ன நடக்கும் என்று காத்திருப்பதை விட்டுவிட்டு, ஒரு புத்தி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத் தொடங்குகிறோம். அந்த இன்பம் பெரிது, ஆனால் மெதுவாக ஊறுவது. 2012இலும் 2020இலும் வந்த அடுத்த இரண்டு பாகங்களோடு சேர்த்து, அண்மைக்காலச் சரித்திரப் புனைவின் உச்சம் அது என்றே நினைக்கிறேன். ஆனாலும் "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்டு வந்தவளிடம் அதை நீட்டியிருக்கக் கூடாது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டுமென்றால் மேகி ஓ'ஃபாரலின் 'ஹாம்னெட்' (2020). ஷேக்ஸ்பியரின் மகன் 1596இல், பதினொரு வயதில் இறந்தான். சில ஆண்டுகள் கழித்து 'ஹாம்லெட்' என்ற நாடகம் வந்தது. நாவலின் வாசலிலேயே ஒரு குறிப்பு இதைச் சொல்லிவிடுகிறது. பிறகு முதல் காட்சியில் சிறுவன் மாடிப்படி இறங்கி வந்து வீடு முழுக்கப் பெரியவர்களைத் தேடுகிறான். நோயுற்றிருப்பவள் அவனுடைய இரட்டைத் தங்கை. போகப்போவது அவன் என்று நமக்குத் தெரியும், அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. சிறுவன் எதனால் இறந்தான் என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை. ஓ'ஃபாரல் கொள்ளைநோயைத் தேர்ந்தெடுத்து, அது கடல்கள் கடந்து அந்த வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். ஒரு தெள்ளுப்பூச்சியின் பயணத்தை இவ்வளவு நடுக்கத்தோடு நான் வேறெங்கும் படித்ததில்லை. தந்தையின் பெயர் நாவலில் ஓரிடத்திலும் வருவதில்லை. அவர் 'லத்தீன் வாத்தியார்', 'கணவன்', 'அப்பா' என்றே வருகிறார். புகழ் பெற்ற பெயரை விலக்கியதும் வீடு முழுவதும் தாயுடையதாகிவிடுகிறது.

எவ்வளவு பழையதானால் அது சரித்திரம்? 'வேவர்லி'யின் துணைத்தலைப்பு அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை என்று சொல்லிக்கொள்கிறது. வால்டர் ஸ்காட் பெயரில் 2010 முதல் வழங்கப்படும் பரிசும் அந்த அறுபதையே எல்லையாக வைத்திருக்கிறது. முதல் பரிசு 'வுல்ஃப் ஹால்' நாவலுக்குத்தான் போனது. வியட்நாம் போரில் பணியாற்றிய செவிலியர் பற்றிய ஹானாவின் 'த விமன்' 2024இல் வந்தது, கதை 1966இல் தொடங்குகிறது. அறுபது ஆண்டுக் கணக்குப்படி அது தேறாது. படிக்கும் இளையவருக்கோ அது முழுச் சரித்திரம். எல்லைக்கோட்டைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. கவலைப்படுவது வேறொன்றுக்கு. ஹெதர் மாரிஸின் 'த டாட்டூயிஸ்ட் ஆஃப் ஆஷ்விட்ஸ்' 2018இல் பெரும் வெற்றி பெற்றபோது, நாஜி வதைமுகாம் இருந்த ஆஷ்விட்ஸில் உள்ள நினைவகம் அதிலிருந்த தகவல் பிழைகளை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது. சாட்சிகள் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரு கொடுமையைப் பற்றிய கதையில், நிஜப் பெயரோடு வரும் தவறு வெறும் கவனக்குறைவாக நிற்பதில்லை. வாசகர் அதை வரலாறு என்றே மனத்தில் எடுத்துச் செல்கிறார். அந்த நாவலை ஒருவருக்குச் சொல்வதானால் இந்தச் செய்தியையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சஸ்பென்சுக்கு வருவோம். இங்கே எல்லோரும் மேற்கோள் காட்டும் விளக்கம் திகில் படங்களுக்குப் பெயர்போன இயக்குநர் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவிடம் பேசியபோது சொன்னது. மேசைக்கடியில் ஒரு வெடிகுண்டு இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் அது வெடித்தால் பார்ப்பவருக்குக் கிடைப்பது பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களைச் சாதாரணமாகப் பேச விட்டால் பதினைந்து நிமிடத் தவிப்பு. அதிர்ச்சி வேறு, தவிப்பு வேறு. கடை அட்டைகள் இரண்டையும் ஒரே பெயரில் விற்பதால் பரிந்துரைகள் பாதி இங்கேயே தடம் புரள்கின்றன.

கில்லியன் ஃப்ளினின் 'கான் கேர்ள்' (2012), அலெக்ஸ் மைக்கேலிடிஸின் 'த சைலன்ட் பேஷன்ட்' (2019) ஆகியவை முதல் வகையின் பலத்தில் நிற்பவை. கணவனைச் சுட்டுவிட்டு அதன்பின் ஒரு சொல்லும் பேசாத ஓவியர், அவரைப் பேச வைக்க வரும் உளவியல் சிகிச்சையாளர் என்பது இரண்டாவதன் தொடக்கம். இவற்றில் கதை சொல்பவரின் வாக்கே நம்ப முடியாதது. நாம் எதையோ தெரிந்துகொண்டோம் என்று நினைக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் நம்மை யாரோ நடத்திச் செல்கிறார்கள். இத்தகைய நாவலைப் பரிந்துரைக்கும்போது "கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது பார்" என்று சொல்வதே பாதிக் கெடுதல். சொல்லிவிட்டால் வாசகர் கதைக்குள் போகாமல் வாசலில் காவல் நிற்கத் தொடங்குவார். தொடக்கத்தை மட்டும் இரண்டு வரியில் சொல்லி நிறுத்திக்கொள்வது நல்லது.

கெய்கோ ஹிகாஷினோவின் 'த டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' இரண்டாம் வகையின் அழகான உதாரணம். 2005இல் ஜப்பானில் வந்து நாவோகி பரிசு பெற்றது. தன்னைத் துரத்தி வந்து தொல்லை கொடுக்கும் முன்னாள் கணவனை ஒரு பெண் கொன்றுவிடுகிறாள். இது தொடக்கத்திலேயே நம் கண்முன் நடக்கிறது. பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் அதை மறைக்க முன்வருகிறார். யார் கொன்றது என்ற கேள்வியே இல்லை. குண்டு மேசைக்கடியில் இருப்பதை அறிந்துகொண்டே, ஆசிரியரும் அவருடைய பழைய நண்பரான இயற்பியலாளரும் ஒருவரையொருவர் அளந்து பார்ப்பதைக் கவனிக்கிறோம். எல்லாம் தெரியும் என்ற நம் நம்பிக்கைக்கு அடியில் இன்னொரு தளம் இருக்கிறது. அதை இங்கே சொல்ல மாட்டேன். அதைப் படித்து முடித்தபோது எனக்கு மிஞ்சியது புதிர் அவிழ்ந்த திருப்தியைவிட, ஒரு மனிதனின் தனிமை தந்த கனம்.

முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்பது அவ்வளவு உறுதியான விதியும் அல்ல. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்பே அறிந்து சிறுகதைகளைப் படித்தவர்கள் அவற்றைக் கூடுதலாக ரசித்ததாகத் தெரியவந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் சில இதற்கு மாறாகவும் சொன்னதுண்டு. என் அனுபவத்தில் இது ஆளைப் பொறுத்தது. கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு நிம்மதியாகக் கதைக்குள் போகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் குறைந்த வாசகர்கள் இல்லை. அவர்களுக்கு ஹிகாஷினோவைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

முடிவு தெரிந்த இன்பத்துக்கு முழு வடிவம் கொடுத்தது காதல் நாவல். இதைத்தான் பலர் குறையாகச் சொல்கிறார்கள்: "கடைசியில் சேர்ந்துவிடுவார்கள், இதில் என்ன இருக்கிறது?" அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் வரையறையே இரண்டு நிபந்தனைகளைக் கேட்கிறது. காதல் கதை மையமாக இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். அது வாசகருக்கு முன்கூட்டியே கொடுக்கப்படும் வாக்கு. அந்த வாக்கு இருப்பதால்தான், நடுவில் வரும் பிரிவையும் அவமானத்தையும் பயத்தையும் வாசகர் துணிந்து முழுமையாக உணர்கிறார். தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. திருக்குறளின் கடைசி அதிகாரம் ஊடலுவகை. ஆயிரத்து முந்நூற்று முப்பது குறள்களும் வந்து நிற்கும் இடம், பிணக்குத்தான் காமத்துக்கு இன்பம் என்பது. கூடுவார்கள் என்பதில் வள்ளுவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் கவனம் முழுக்க ஊடலில் இருக்கிறது. நல்ல காதல் நாவலாசிரியரின் கவனமும் அங்கேதான்.

எனவே காதல் நாவலின் தரத்தை அறிய நான் பார்ப்பது ஒன்றே: இருவரையும் பிரித்து நிறுத்தும் தடை எப்படிப்பட்டது? ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் தவறான புரிதல் என்றால் நாவல் அங்கேயே நொண்டுகிறது. தடை அவர்களுடைய இயல்பிலிருந்து முளைத்ததென்றால் ஒவ்வொரு பேச்சிலும் ஏதோ ஒன்று பணயமாக இருக்கும். எமிலி ஹென்றியின் 'பீச் ரீட்' (2020) இதற்கு நல்ல சான்று. காதல் நாவல் எழுதும் பெண்ணும் இலக்கிய நாவல் எழுதும் ஆணும் கோடைக்காலம் முழுவதும் அண்டை வீட்டாராகிறார்கள். இருவரும் மற்றவருடைய வகையில் எழுதிக்காட்ட வேண்டும் என்று பந்தயம் கட்டுகிறார்கள். இனிய முடிவுகளில் நம்பிக்கை இழந்தவள் அவள், அவற்றை ஒருபோதும் நம்பாதவன் அவன். அவர்களுடைய சண்டை இலக்கியச் சண்டைபோலத் தோன்றி, வாழ்க்கையை எப்படி நம்புவது என்ற சண்டையாக விரிகிறது. சிரித்துக்கொண்டே படித்து, இரண்டு மூன்று இடங்களில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

காதல் இருக்கும் எல்லா நாவலும் காதல் நாவல் ஆகிவிடாது. மேடலின் மில்லரின் 'த சாங் ஆஃப் அக்கிலீஸ்' (2011) கிரேக்க வீரன் அக்கிலீஸுக்கும் அவன் தோழன் பட்ரோக்லஸுக்கும் இடையிலான காதலைப் பட்ரோக்லஸின் குரலில் சொல்கிறது. டிராய் நகரப் போர் தெரிந்த எவருக்கும் முடிவு தெரியும், அந்த முடிவு யாரையும் சேர்த்து வைக்காது. இனிய முடிவை நம்பி வருபவரிடம் அதை எச்சரிக்கை இல்லாமல் கொடுப்பது வாக்கு மீறல். அதைவிடக் கவனம் தேவைப்படுவது கொலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்'. 2016இல் வந்த அந்த நாவல் சில ஆண்டுகள் கழித்து, இளம் வாசகர்கள் காணொளிகளில் பேசிப் பேசியே விற்பனைப் பட்டியல்களின் தலைக்கு ஏறியது. பூக்கள் வரைந்த அட்டை. உள்ளே இருப்பது கணவன் கை ஓங்கும் வீடு. தன் தாயின் வாழ்க்கையே அதற்குத் தூண்டுதல் என்று ஹூவர் சொல்லியிருக்கிறார். அடிக்கிற ஒருவனை ஒரு பெண் ஏன் உடனே விட்டுவிட்டுப் போவதில்லை என்பதை, வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்பவர்களுக்கு அந்த நாவல் நன்றாகவே புரிய வைக்கிறது. அதனால் அதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் அது எதைப் பற்றியது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான். கதையின் புதிர் கெட்டுவிடுமே என்று இதில் தயங்கக் கூடாது. படிப்பவர் அத்தகைய வீட்டிலிருந்து வந்தவராக இருக்கலாம்.

அப்படியானால் ஒருவருக்கு எதைச் சொல்வது என்று எப்படி முடிவு செய்வது? எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய புத்தகம். மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகர். எனக்கு இந்த மூன்றாவது மிகவும் பிடிக்கும். புத்தகத்தின் பக்கம் நின்று ஒரு கவலை கேட்கிறது அதில். 'வுல்ஃப் ஹால்' என் தோழியிடம் போனபோது அவளுக்கு மட்டும் அநீதி நடக்கவில்லை, அந்தப் புத்தகத்துக்கும் நடந்தது. அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல், நாவலுக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு என்பார்: கதை, பாத்திரம், களம், மொழி. ஒரே நாவலில் நான்கும் இருக்கலாம், ஆனால் ஒரு வாசல் மற்றவற்றைவிட அகலமாகத் திறந்திருக்கும். ஹானாவிடம் அகன்றது கதை. மாண்டெலிடம் பாத்திரமும் மொழியும். ஆன்டனி டோரின் 'ஆல் த லைட் வீ கேனாட் சீ' (2014) மொழி, கதை இரண்டையும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் திறந்து வைக்கிறது. 1944 ஆகஸ்டில் பிரான்சின் சேன்-மாலோ நகர்மீது குண்டுவீச்சு தொடங்கும் வேளையில் ஆரம்பித்து, 1934க்குப் பின்னோக்கிப் போகிறது. பார்வையற்ற பிரெஞ்சுச் சிறுமியும் வானொலி பழுதுபார்க்கும் ஜெர்மானியச் சிறுவனும் எந்த நகரத்தில், எந்த நெருப்பின் கீழ் வந்து நிற்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே அவர்கள் வளர்வதைப் பார்க்கிறோம். ஹிட்ச்காக்கின் குண்டு அங்கே நிஜமாகவே விழுகிறது. அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கங்களே என்பதால், படிக்கும் பழக்கம் விட்டுப்போனவர்களுக்கும் கை கொடுக்கும்.

நான் இப்போது யாரிடமும் "உங்களுக்கு எந்த வகை பிடிக்கும்?" என்று கேட்பதில்லை. "கடைசியாக எந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாமல் படித்தீர்கள், எந்த இடத்தில்?" என்று கேட்கிறேன். அந்த இடத்தைச் சொல்லும்போது முகம் மாறும். சிலர் நிகழ்ச்சியைச் சொல்வார்கள், சிலர் ஒரு பாத்திரம் பேசிய சொல்லை, சிலர் மழை பெய்த ஒரு தெருவை. அடுத்த கேள்வி, எந்தப் புத்தகத்தைப் பாதியில் விட்டீர்கள் என்பது. இதற்குத்தான் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள், கூச்சத்துக்கு அங்கே இடமே இல்லை. நான்சி பேர்ல் வாசகர்களுக்குச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: ஐம்பது பக்கம் படித்துப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டால், நூறிலிருந்து வயதைக் கழித்து வரும் பக்கங்களே போதும்.

என் தோழிக்கு நான் அடுத்துக் கொடுத்தது டோர். அதற்கடுத்து ஹிகாஷினோ, பிறகு 'ஹாம்னெட்'. ஓராண்டு கடந்த பின் அவளாகவே கேட்டு 'வுல்ஃப் ஹால்' வாங்கிச் சென்றாள். பழைய காகிதத் துண்டு நாற்பதாம் பக்கத்திலேயே இருந்தது. சென்ற வாரம் விசாரித்தபோது, ஹென்றியின் இரண்டாம் மனைவி ஆன் பொலின் மகுடம் சூடும் இடத்துக்கு வந்திருந்தாள்.